திரும்பி வரும் கம்பி

(கூத்தாநல்லூரில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பழைய கம்ப்யூட்டரோடு சீரியல் பிரிண்டரை எப்படி இணைப்பது, இணைத்தபின் எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது இன்றைய பொருள். இதைக் கேட்க ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். அரிசி ஆலைக்காரர்களும், எடைமேடையில் வேலை பார்ப்பவர்களும், விவசாயிகளும் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் இருக்கிறது. அது சீட்டு. லோடு லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் கையில் தருகிறார்களே, அந்தச் சீட்டு. வண்டி எண், மொத்த எடை, வெற்று வண்டி எடை, நிகர எடை, தேதி, நேரம். நெல் கொடுத்தவருக்கு அதுதான் சாட்சி. வாயால் சொன்ன எடையை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். அச்சில் வந்ததை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

அந்த அச்சு ஒரு வரி குறையாமல் வரவேண்டும் என்றால் பிரிண்டர் கேபிளுக்குள் ஒரு கம்பி ஒழுங்காக இருக்கவேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு எழுத்தைக் கொண்டுபோகும் கம்பியை எல்லோரும் பார்த்துப் பார்த்து இணைப்பார்கள். பிரிண்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்பி வரும் கம்பியைத்தான் விட்டுவிடுவார்கள். அந்தக் கம்பிக்காகப் பேசவே இங்கே நிற்கிறேன்.

முதலில் வரலாறு கொஞ்சம். இந்த ஊருக்குத் தந்தி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப்போன பிள்ளைகளின் செய்திக்காகக் காத்திருந்த வீடுகள் நிறைந்த ஊர் இது. தந்தி நிலையங்களுக்கு இடையே செய்தியை அச்சாகவே கொண்டுபோக டெலிபிரிண்டர் வந்தது. அதைச் செய்வதற்கென்றே சென்னை கிண்டியில் 1960இல் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. தொழில்நுட்பம் இத்தாலியின் ஒலிவெட்டியுடையது. டெலிபிரிண்டரில் ஒரு எழுத்துக்கு ஐந்து பிட். வேகம் 50 பாட், அதாவது நொடிக்கு ஆறேழு எழுத்து. அந்த ஐந்து பிட்டும் ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சீரியல் என்பது இவ்வளவுதான். எட்டுக் கம்பி போட்டு எட்டு பிட்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் அது பேரலல். பிரிண்டர்களுக்கு அந்த முறையைச் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் கொண்டுவந்தது.

கம்ப்யூட்டருக்குத் தொடக்க காலத்தில் வாய்த்த மலிவான பிரிண்டர் டெலிபிரிண்டரேதான். 1963இல் வந்த டெலிடைப் ஏஎஸ்ஆர்-33 நொடிக்குப் பத்து எழுத்து அடித்தது; வேகம் 110 பாட். 1974இல் டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்ரைட்டர் எல்ஏ36 நொடிக்கு முப்பது எழுத்து அடித்தது. வேகம் 300 பாட். ஆர்எஸ்-232 என்னும் இணைப்பு விதி 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. நாம் அதிகம் பார்க்கும் 'சி' வடிவம் 1969இல் வந்தது. அந்த விதி பிரிண்டருக்காக எழுதப்பட்டதல்ல. தொலைபேசிக் கம்பியில் தகவல் அனுப்பும் மோடத்தை ஒரு பக்கமும், கம்ப்யூட்டரையோ டெர்மினலையோ மறுபக்கமும் வைத்து எழுதப்பட்டது. பிரிண்டரை இணைப்பதில் வரும் குழப்பத்தில் பாதிக்கு இதுவே காரணம்.

இந்தியாவில் இந்த இணைப்பைப் பொதுமக்கள் பக்கத்தில் பார்த்தது 1980களில். ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984இல் வங்கிக் கிளைகளில் இயந்திரம் கொண்டுவர வழி சொன்னது. பின்னால் பல கிளைகளில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், அதிலிருந்து சீரியல் கேபிளில் நான்கு, எட்டு டெர்மினல்கள், கூடவே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்ற அமைப்பு வந்தது. 1985-86இல் டெல்லியில் ரயில்வே முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. சிஎம்சி நிறுவனம் எழுதிய மென்பொருள், டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கம்ப்யூட்டர். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தது. கர்ரென்ற சத்தத்தோடு டிக்கெட் அச்சாகி வந்ததைப் பார்த்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிகளில் 1984-85இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரோடு தொடங்கியது. டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வகைப் பிரிண்டர்களும், எப்சன் வகையில் விப்ரோ செய்தவையும் கடைக்குக் கடை வந்தன.

வரலாறு போதும், இனி கேபிளுக்குள் போவோம்.

25 பின் கொண்ட கனெக்டரில் 2ஆம் பின் அனுப்புவது, 3ஆம் பின் வாங்குவது, 7ஆம் பின் கிரவுண்ட். இது கம்ப்யூட்டர், டெர்மினல் பக்கத்து வழக்கம். 1984இல் ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரோடு வந்த 9 பின் கனெக்டரில் இது தலைகீழ்: 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். பிரிண்டரும் பெரும்பாலும் தன்னைக் கம்ப்யூட்டர் வகையாகவே கருதிக்கொண்டு 2ஆம் பின்னில் அனுப்பும், 3ஆம் பின்னில் வாங்கும். இரண்டு பக்கமும் 25 பின் என்றால் 2, 3 கம்பிகளை மாற்றிப் போடவேண்டும். ஒரு பக்கம் 9 பின், மறுபக்கம் 25 பின் என்றால் 2க்கு 2, 3க்கு 3 என்று நேராகவே போகும். கிரவுண்ட் மட்டும் 5இலிருந்து 7க்கு.

புத்தகம் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது? மல்டிமீட்டர் போதும். கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு கருவிகளையும் ஆன் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்ட் பின்னில் வையுங்கள். சிவப்பு முனையால் 2ஐத் தொடுங்கள், பிறகு 3ஐத் தொடுங்கள். ஆர்எஸ்-232இல் எழுத்து எதுவும் போகாமல் சும்மா இருக்கும் கம்பி மைனஸில் நிற்கும். விதிப்படி மைனஸ் 3 வோல்ட் முதல் மைனஸ் 15 வரை. மீட்டரில் பெரும்பாலும் மைனஸ் 5க்கும் 12க்கும் நடுவே காட்டும். மைனஸ் காட்டுகிற பின்தான் அந்தக் கருவி அனுப்புகிற பின். மற்றது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அது வாங்குகிற பின். இரண்டு கருவியிலும் இப்படிப் பார்த்துவிட்டால், எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்பது காகிதத்தில் கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும். இதற்குச் சில நிமிடமே ஆகும். மாணவர்கள் தங்கள் கையால் ஒரு முறை செய்து பார்க்கவேண்டும்.

கம்பி சரியாகிவிட்டால் அடுத்தது ஒப்பந்தம். பாட் எவ்வளவு, எழுத்துக்கு எத்தனை பிட், பாரிட்டி உண்டா, ஸ்டாப் பிட் எத்தனை என்ற நான்கிலும் இரு பக்கமும் ஒத்துப்போகவேண்டும். பிரிண்டருக்குள் சின்னச் சின்ன டிப் ஸ்விட்ச் வரிசை இருக்கும். அங்கேதான் இதை வைப்பார்கள். பாட் மாறிப்போனால் சம்பந்தமே இல்லாத குறிகள் கொட்டும், எவருக்கும் தெரிந்துவிடும். பாரிட்டி மாறினால் வரும் கோளாறு நுட்பமானது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கம்ப்யூட்டர் ஏழு பிட், ஈவன் பாரிட்டி என்று அனுப்புகிறது. பிரிண்டர் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. தொடக்க பிட், ஸ்டாப் பிட் சேர்த்து மொத்த நீளம் இரண்டிலும் பத்து பிட்தான் என்பதால் எழுத்து சிதறாது. ஆனால் பாரிட்டி பிட்டை எட்டாவது பிட்டாகப் பிரிண்டர் படித்துவிடும். ஈவன் பாரிட்டி என்றால், எழுத்தின் ஏழு பிட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் பாரிட்டி ஒன்று. இரட்டைப்படையாக இருந்தால் பூஜ்யம். எட்டாவது பிட் ஒன்றானால் குறியெண்ணில் 128 கூடிவிடும். எப்சன் எஃப்எக்ஸ்-80 போன்ற பிரிண்டர்களில் 128க்கு மேலே இருப்பவை சாய்ந்த எழுத்துகள். விளைவு என்ன தெரியுமா? 0, 3, 5, 6, 9 நிமிர்ந்து வரும். 1, 2, 4, 7, 8 சாய்ந்து வரும். 12480 கிலோ என்று எடைச்சீட்டு அடித்தால் முதல் நான்கு இலக்கமும் சாய்ந்து, கடைசிப் பூஜ்யம் மட்டும் நிமிர்ந்து நிற்கும். ரிப்பன் கெட்டுவிட்டது, ஹெட் தேய்ந்துவிட்டது என்று செலவு செய்கிறவர்கள் உண்டு. எந்த இலக்கம் சாய்ந்திருக்கிறது என்று சீட்டைக் கூர்ந்து பார்த்தாலே கோளாறின் பெயரைச் சொல்லிவிடலாம். ஒரு ஸ்விட்சைத் தள்ளினால் சரியாகிவிடும்.

இப்போது உரையின் மையத்துக்கு வருகிறேன். கணக்கு ஒன்று போடுவோம். 9600 பாட் என்றால், எழுத்துக்குப் பத்து பிட் வீதம் நொடிக்கு 960 எழுத்து பிரிண்டருக்கு வருகிறது. ஒன்பது ஊசிப் பிரிண்டர் ஒன்று வேகமான அச்சில் நொடிக்கு 180 எழுத்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 780 எழுத்தும் பிரிண்டருக்குள் இருக்கும் பஃபரில் தங்கவேண்டும். பஃபரில் 2000 எழுத்துக்கு இடம் இருந்தால் இரண்டரை நொடியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற எழுத்து எங்கே போகும்? எங்கும் போகாது, தொலைந்துபோகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. திரையில் எந்தப் பிழையும் வராது. காகிதத்தில் மட்டும் நடுவே சில வரிகள் இருக்காது.

இதில் ஒரு கொடுமை உண்டு. எடைச்சீட்டு ஒன்றில் மிஞ்சிப்போனால் சில நூறு எழுத்து. அது பஃபருக்குள் அடங்கிவிடும். அதனால் பகல் முழுக்க சீட்டு சீட்டாக அடிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே வரும். சாயங்காலம் அன்றைய வண்டிகள் அத்தனைக்கும் மொத்தப் பட்டியல் அடிக்கும்போதுதான் பஃபர் நிரம்பி வழியும். யாரோ ஒருவருடைய வண்டி பட்டியலில் இருக்காது. எவர் வரி விடுபட்டது என்பது அடித்தவருக்கும் தெரியாது, உரியவருக்கும் தெரியாது. பிறகு கணக்குப் பார்க்கும்போது, சீட்டு வைத்திருப்பவர் பொய் சொல்கிறாரா, பட்டியல் பொய் சொல்கிறதா என்ற வாக்குவாதம் கிளம்பும்.

இதைத் தடுக்கத்தான் திரும்பி வரும் கம்பி. வாய்க்காலில் தண்ணீர் விடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே மதகைத் திறந்தவருக்குக் கீழே வயல் நிரம்பியது தெரியாது. வயலில் நிற்கிறவர் குரல் கொடுத்து, மதகில் நிற்கிறவர் காதில் அது விழுந்து, ஷட்டரை இறக்கினால்தான் வரப்பு தப்பும். பிரிண்டருக்கும் அந்தக் குரல் வேண்டும். அது இரண்டு வகையில் கிடைக்கும்.

முதல் வகை, தனிக் கம்பி. பஃபர் நிரம்பப் போகும்போது பிரிண்டர் ஒரு பின்னில் வோல்ட்டேஜை பிளஸிலிருந்து மைனஸுக்கு இறக்கும். இடம் கிடைத்ததும் திரும்ப ஏற்றும். பெரும்பாலான பிரிண்டர்களில் இது 20ஆம் பின். சிலவற்றில் 11, இன்னும் சிலவற்றில் 19. இந்தக் கம்பி கம்ப்யூட்டரின் சிடிஎஸ் பின்னுக்குப் போகவேண்டும். 9 பின் கனெக்டரில் அது 8. கூடவே டிஎஸ்ஆர் என்னும் 6ஆம் பின்னையும் அதோடு சேர்க்கவேண்டும். ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டரின் பயாஸ் எழுத்து அனுப்பும் முன் இந்த இரண்டையும் பார்க்கும்.

இரண்டாவது வகை, தனிக் கம்பி இல்லாமல் குறியெழுத்தாகவே சொல்வது. பிரிண்டர் தன் அனுப்பும் கம்பியில் 19 என்ற குறியெண்ணை அனுப்பினால் 'நிறுத்து'; 17 என்று அனுப்பினால் 'தொடங்கு'. எக்ஸ்ஆஃப், எக்ஸ்ஆன் என்று இவற்றைச் சொல்வார்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ. டெலிடைப்பில் துளை போட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியை நிறுத்தவும் ஓட்டவும் இருந்த குறிகள்தான் இவை. இந்த முறைக்கு மூன்று கம்பி போதும்: போக ஒன்று, வர ஒன்று, கிரவுண்ட் ஒன்று. டெய்சி வீல் பிரிண்டர் சிலவற்றில் மூன்றாவது முறை ஒன்றும் இருந்தது. கம்ப்யூட்டர் ஒரு பகுதியை அனுப்பி, முடிவுக் குறி வைத்து, பிரிண்டரின் ஒப்புதல் வந்தபிறகே அடுத்த பகுதியை அனுப்பும்.

எந்த முறையானாலும் இரண்டு பக்கமும் அதே முறையில் இருக்கவேண்டும். டாஸ் தானாக எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் பார்க்காது. பிரிண்டரை அந்த முறையில் வைத்துவிட்டு டாஸிலிருந்து நேராக அச்சடித்தால், பிரிண்டர் 'நிறுத்து' என்று கத்திக்கொண்டே இருக்கும்; கேட்க ஆள் இருக்காது. டாஸுக்குத் தனிக் கம்பி முறைதான் சரி. யூனிக்ஸ் இரண்டையும் பழக்கினால் கேட்கும்.

அவசரத்தில் செய்யப்படும் ஒரு வேலையை இங்கே சொல்லியாகவேண்டும். பிரிண்டர் அச்சடிக்கவில்லை. டிஎஸ்ஆர், சிடிஎஸ் பின்களில் சிக்னல் இல்லாததால் கம்ப்யூட்டர் எழுத்தை அனுப்ப மறுக்கிறது. அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? கம்ப்யூட்டர் பக்கத்துக் கனெக்டருக்குள்ளேயே 7ஐயும் 8ஐயும், 4ஐயும் 6ஐயும் துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் தன் சிக்னலையே தனக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு, பிரிண்டர் எப்போதும் தயார் என்று நம்பிவிடும். உடனே அச்சு வரும். வாடிக்கையாளர் மகிழ்வார், பழுதுபார்த்தவர் கிளம்பிவிடுவார். ஆனால் அந்தக் கணத்தில் பிரிண்டரின் பேச்சுரிமை பறிபோய்விட்டது. காகிதம் தீர்ந்தாலும், ரிப்பன் சிக்கினாலும், பஃபர் வழிந்தாலும் அதைச் சொல்ல அதற்கு வழி இல்லை. இன்னும் சிலர் பாட் ரேட்டை 1200க்கு இறக்கிவிடுவார்கள். நொடிக்கு 120 எழுத்துதானே, பிரிண்டர் 180 அடிக்கிறதே என்று கணக்குச் சொல்வார்கள். ஹெட் திரும்பி வரும் நேரம், காகிதம் அடுத்த பக்கத்துக்கு ஓடும் நேரம், காகிதம் மாற்றும் நேரம் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. இந்த இரண்டு வழியையும் மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

இனி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கட்டளை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். டாஸில் இரண்டு வரி: மோட் காம்1:9600,என்,8,1,பி; அடுத்து மோட் எல்பிடி1:=காம்1:. முதல் வரியின் கடைசியில் இருக்கும் 'பி'யை விட்டுவிடாதீர்கள். பிரிண்டர் தயாராக இல்லாதபோது, தயாராகும்வரை திரும்பத் திரும்ப முயற்சி செய் என்று அதற்குப் பொருள். இரண்டாவது வரி பேரலல் போர்ட்டுக்குப் போகவேண்டியதைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிடும். இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக ஓடும்படி எழுதிவைப்பது நல்லது.

யூனிக்ஸில் எஸ்டிடிஒய் கட்டளையால் போர்ட்டை அமைக்கவேண்டும். ஆனால் போர்ட்டைப் பயன்படுத்தும் கடைசி வேலை முடிந்து அது மூடப்பட்டதும் வைத்த அமைப்பு மறைந்து பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் ஒரு வேலையைப் பின்னணியில் தூங்கவைத்து, போர்ட்டை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். அல்லது அச்சடிக்கும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே அமைப்பை எழுதிவிடுவார்கள். எஸ்சிஓ யூனிக்ஸில் ஒரே போர்ட்டுக்கு டிடிஒய்1ஏ என்று இரண்டு பெயர் உண்டு. கடைசி எழுத்து ஒன்றில் சிறியது, மற்றதில் பெரியது. பெரிய எழுத்துப் பெயர் மோடம் சிக்னல்களைப் பார்க்கும். சிறிய எழுத்துப் பெயர் பார்க்காது. பல பேர் ஒரே பிரிண்டருக்கு அனுப்பும் இடத்தில், வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும் ஸ்பூலர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருடைய வரிகள் ஒரே காகிதத்தில் கலந்து வரும்.

டெர்மினலுக்குப் பின்னாலேயே பிரிண்டரை மாட்டும் வழியும் உண்டு. விடி வகை டெர்மினலுக்கு 27, 91, 53, 105 என்ற நான்கு குறியெண்களை அனுப்பினால், அதற்குப் பின் வருவதைத் திரையில் காட்டாமல் பிரிண்டருக்குத் தள்ளும். 53க்குப் பதில் 52 வைத்து அனுப்பினால் பழையபடி திரைக்குத் திரும்பும். கவுண்டருக்குத் தனிக் கேபிள் இழுக்காமல் அங்கேயே அச்சடிக்க இது உதவியது. பிபிசி மைக்ரோவில் நட்சத்திரக் குறியோடு எஃப்எக்ஸ்5,2 என்றால் சீரியல் பிரிண்டர். எஃப்எக்ஸ்8,7 என்றால் 9600 பாட். வரியைக் கீழே தள்ளும் 10 என்ற குறியைப் பிபிசி மைக்ரோ பிரிண்டருக்கு அனுப்பாமல் விழுங்கிவிடும். அது ஆரம்பத்திலேயே அப்படி வைக்கப்பட்டது. பிரிண்டரும் தானாகக் காகிதத்தை நகர்த்தாவிட்டால் எல்லா வரியும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எஃப்எக்ஸ்6,0 கொடுத்தால் சரியாகும்.

தமிழுக்கு வருவோம். தமிழ் ஆர்வலர்கள் இதைக் கேட்கவேண்டும். ஆங்கில எழுத்துக்குப் பிரிண்டருக்குள்ளேயே வடிவம் இருக்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் அனுப்பினால் போதும். தமிழ் வடிவம் அந்தப் பிரிண்டர்களில் இல்லை. புணே சி-டாக் செய்த ஜிஸ்ட் கார்டு போன்றவை வந்து திரையில் தமிழ் தெரிந்தபோது, காகிதத்தில் தமிழைக் கொண்டுவரப் படமாக அனுப்புவதே பெரும்பாலும் வழி. எப்சன் வகையில் 27, 75, 224, 1 என்று அனுப்பினால், அடுத்து வரும் 480 பைட்டும் எட்டு இஞ்ச் அகலத்துக்குப் புள்ளிகளின் வரிசை என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட்டின் எட்டு பிட்டும் எட்டு ஊசி. தமிழ் எழுத்து பதினாறு புள்ளி உயரம் என்றால் ஒரு வரிக்கு ஹெட் இரண்டு முறை ஓடவேண்டும். ஆங்கில வரிக்கு 80 பைட். தமிழ் வரிக்கு 960 பைட். பன்னிரண்டு மடங்கு. 60 வரிப் பக்கம் ஒன்றை 9600 பாட்டில் அனுப்ப ஆங்கிலத்துக்கு ஐந்து நொடி. தமிழுக்கு ஒரு நிமிடம். பஃபர் ஒரு பக்கத்தில் பல முறை நிரம்பும். திரும்பி வரும் கம்பி இல்லாத கேபிளில் ஆங்கிலச் சீட்டு பிழைத்துக்கொள்ளும், தமிழ்ச் சீட்டு பிழைக்காது.

இன்னொன்றும் உண்டு. இரு பக்கமும் ஏழு பிட் என்று ஒத்துப்போய் வைத்திருந்தால் ஆங்கிலம் குறையில்லாமல் வரும். ஆனால் படத்தில் எட்டாவது பிட்தான் மேல் ஊசி. ஏழு பிட்டில் அந்த ஊசி ஒருபோதும் அடிக்காது. எழுத்து வடிவமைத்தவர் மெய்யெழுத்தின் புள்ளியை மேல் வரிசையில் வைத்திருந்தால், பக்கம் முழுக்கப் புள்ளிகள் காணாமல்போகும். 'பட்டம்' என்பது 'படடம' என்று நிற்கும். தமிழ் அச்சுக்கு எட்டு பிட் கட்டாயம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதெல்லாம் பழங்கதை, இனி எதற்கு என்று இளைஞர்கள் நினைக்கலாம். எடைமேடையின் இண்டிகேட்டரைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஆர்எஸ்-232 போர்ட் இருக்கும். அது எடையைக் கம்ப்யூட்டருக்கோ பிரிண்டருக்கோ சீரியலாகத்தான் அனுப்புகிறது. டாட் மேட்ரிக்ஸ் அங்கே இன்னும் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஊசி அடிக்கும் அடியில் மூன்று பிரதி ஒரே நேரத்தில் வரும்: ஓட்டுநருக்கு ஒன்று, நெல்லுக்கு உரியவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. வெப்பத்தால் அச்சாகும் சீட்டு வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும். ரிப்பன் மை நிற்கும். கையில் எடுத்துப்போகும் புளூடூத் பிரிண்டர்கள் பலவும் கம்ப்யூட்டர் கண்ணுக்குச் சீரியல் போர்ட்டாகவே தெரிகின்றன. பிரிண்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர எப்சன் வைத்த 27, 64 என்ற இரண்டு எண்கள் கடைகளின் பில் பிரிண்டரில் இன்றும் வேலை செய்கின்றன. யூஎஸ்பி மாற்றி வழியாகப் பழைய பிரிண்டரை மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாற்றியை வேறு துளையில் செருகினால் விண்டோஸில் காம் எண் மாறிவிடக்கூடும். நேற்று வந்த அச்சு இன்று வராது.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து இடியும் ஈரமும். எடைமேடை ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம்; நடுவே வெட்டவெளியில் கேபிள். ஆர்எஸ்-232க்குச் சொல்லப்பட்ட நீளம் ஐம்பது அடி, ஏறக்குறைய 15 மீட்டர். அதைத் தாண்டி இழுத்து, இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறாக இருந்தால் கிரவுண்ட் கம்பியில் மின்சாரம் ஓடும். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் 1488, 1489 என்னும் டிரைவர் ஐசிகள் போய்விடும். தூரம் அதிகம் என்றால் ஆர்எஸ்-422 அல்லது 485க்கு மாறவேண்டும்; அவை 1200 மீட்டர்வரை தாங்கும். மழைக்காலத்தில் இரவு பூட்டும் முன் கேபிளைக் கழற்றிவைப்பதும் நல்ல பழக்கம்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள்.

மாணவர்களுக்கு முதல் வேண்டுகோள். கோளாறு என்றதும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். எப்சன் வகைப் பிரிண்டர்கள் பலவற்றில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால் பிரிண்டர் தானே அடித்துக் காட்டும். அடித்தால் பிரிண்டர் நலம், கோளாறு வெளியே. லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் இரண்டையும் அழுத்தியபடி ஆன் செய்தால், வருகிற ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகவே அச்சடிக்கும். என்ன வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது, ஆலைக்காரர்களுக்கும் எடைமேடை வைத்திருப்பவர்களுக்கும். பாட், பிட், பாரிட்டி, 'நிறுத்து', 'தொடங்கு' சொல்வது எந்த வகையில், எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின்னுக்கு எந்த நிறக் கம்பி என்று ஒரு அட்டையில் தமிழிலேயே எழுதி, பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மாட்டித்தந்தவர் ஊரில் இல்லாத நாளில்தான் அது கெடும். அறுவடை நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது அந்த அட்டை ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, எல்லோருக்கும். அடுத்த அறுவடை தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றிலிருந்து இருநூறுவரை வரிசை எண் போட்ட முழு நீள வரிகளை அச்சுக்கு அனுப்புங்கள். நடுவில் பிரிண்டரின் ஆன்லைன் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்துங்கள். முடிந்ததும் எண்களை முதலிலிருந்து படியுங்கள். இருநூறும் வரிசையாக இருந்தால் உங்கள் கேபிளில் திரும்பி வரும் கம்பி வேலை செய்கிறது. நடுவே எண்கள் இல்லை என்றால், நீங்கள் அடித்துக்கொடுத்த பட்டியல்களில் யாருடைய வண்டியோ விடுபட்டிருக்கக் கூடும். அன்றைக்கே கனெக்டரைப் பிரித்து, அந்தத் துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, முறையான கம்பியைப் பற்றவையுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். உழைத்தவருக்குச் சேரவேண்டிய கணக்கு ஒரு வரிகூடக் குறையாமல் சேரவேண்டும். அதற்கான பொறுப்பை இந்த ஊர் இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.